பலகை வயிறு

ஜூன் 12

பிரின்சியோட முட்டியை உடைக்கணும். முதல்ல வலது. அவ கத்தி முடிக்கட்டும், அப்புறம் இடது.

மதுரையில ஆஸ்பத்திரியில கிடக்கேன். மூக்குல ஒரு குழாய், கையில ட்ரிப்ஸ். பேனாவைப் பிடிச்சாலே தோள்பட்டை வரைக்கும் இழுக்குது. ஆனா எழுதாம விட்டா மாஸ்டர் வைவார். எங்க கபடி டீம்ல எல்லாப் பிள்ளைகளும் டைரி எழுதணும். எவ்வளவு ஓடினோம், என்ன தின்னோம், யார்கிட்ட என்ன பேசினோம், எல்லாம் இருக்கணும். ஞாயித்துக்கிழமை ராமசுப்பு மாஸ்டர் வாங்கி வாசிச்சு சிவப்பு இங்க்ல கையெழுத்துப் போடுவார். பிடிக்காத வரியை அடிச்சிருவார்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை தூத்துக்குடிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு டோர்னமெண்ட். அரையிறுதி. நான் பாடிப் போனேன். எதிர் டீம்ல மூலையில நின்ன அந்தோணி பிரின்சி ஓடிவந்து முட்டியால வயித்துல ஒரு இடி இடிச்சா. விழுந்தேன், எந்திரிக்க முடியலை. அவ்வளவுதான் விஷயம். அன்னைக்குக் காலையிலயே நான் ரெண்டு தடவை வாந்தி எடுத்தது வேற. அது இட்லி சேரலை.

வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு இருக்காம். இருபத்திமூணு வருசமா எனக்கு அது இருக்கிறதே தெரியாது. அது கிழிஞ்சு, அதோட தண்ணி உள்ள ஒழுகுதாம். சோத்தைச் செரிக்கிற தண்ணி இப்ப என்னையவே செரிச்சிட்டு இருக்குன்னு டாக்டர் ஷாகிரா சொன்னாங்க. நல்லா இருக்கு கதை. என் வயிறு என்னையத் தின்னுது, பிரின்சி வீட்டுல மீன்குழம்பு திம்பா.

ஜூன் 14

இன்னைக்கு முதல் தடவை குழாய் விட்டாங்க. வாய் வழியா கேமரா உள்ள போயி, குடலைத் தாண்டி, கணையத்துக் குழாய்க்குள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை வச்சுட்டு வரும். ஸ்டென்ட்டுங்கிறாங்க. கிழிஞ்ச இடம் ஒட்டுற வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒருக்கா அதை எடுத்துட்டுப் புதுசு வைக்கணுமாம்.

ஊசி போட்டா மயக்கமா இருக்கும், ஒண்ணும் தெரியாதுன்னாங்க. தெரிஞ்சது. குப்புறப் போட்டு, வாயில வளையத்தை மாட்டி, தொண்டைக்குள்ள அந்தப் பாம்பை விட்டப்போ ஓங்கரிச்சிட்டு வந்தது. நாலு பேர் என் கையையும் காலையும் பிடிச்சாங்க. அங்கதான் தப்பு பண்ணிட்டாங்க. நான் பாடிப் போறவ. பத்து வருசமா என்னை எவ பிடிச்சாலும் உதறிட்டுக் கோட்டைத் தொடணும்னு இந்த உடம்புக்குப் பழக்கி இருக்கு. மயக்கத்துல கிடந்தாலும் அதுக்குத் தெரியும். ஒருத்தருக்கு மூக்குல உதை. இன்னொரு நர்ஸ் அக்காவைக் கட்டிலோட சேர்த்து இழுத்திருக்கேன். கண் முழிச்சுப் பார்த்தா என் கை தரையைத் தேடிட்டுத் தொங்குது.

"கோடு எங்க இருக்குன்னு கேட்டம்மா நீ"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க டாக்டர் ஷாகிரா. சின்ன உருவம், பெரிய கண்ணாடி, மருதாணி போட்ட விரலு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு ஒரு கேள்வி கேட்டாங்க.

"அடிபட்டப்போ நின்னிருந்தியா, படுத்திருந்தியா?"

"கபடியில என்ன டாக்டர், நிப்போம், விழுவோம்."

"இல்லம்மா. நிக்கிற ஆளை இடிச்சா உடம்பு பின்னால போயிரும். உனக்கு முதுகெலும்புக்கும் வேற எதுக்கும் நடுவுல வச்சு நசுக்கின மாதிரி இருக்கு. கீழ கெட்டியா தரை இருந்த மாதிரி இருக்கு."

"பிரின்சி முட்டி அப்படி, டாக்டர். உலக்கை."

ஜூன் 15

மாஸ்டர் வந்தார். சாத்துக்குடி வாங்கிட்டு வந்தார், நான் தண்ணியே குடிக்கக் கூடாதுன்னு யாரும் அவர்கிட்ட சொல்லலை போல. என் தலையைத் தடவி, "எங்க டீமோட தூணு இது"ன்னு பக்கத்துக் கட்டில்காரங்ககிட்ட சொன்னார். எனக்கு அழுகை வந்துருச்சு. அப்பா செத்தப்புறம் என்னையத் தூணுன்னு சொன்ன ஒரே ஆள் அவர்தான். போலீஸ்ல விளையாட்டுக் கோட்டாவுக்கு என் பேரை எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

டைரியை வாசிச்சார். கையெழுத்துக்கு மேல எழுதியிருக்கார்: டாக்டர்களிடம் அதிகம் பேசாதே. கேட்டால் மேட்ச் என்று சொல். காலையில வாந்தி எடுத்ததா எழுதின வரியை அடிச்சிட்டார். இட்லி விஷயம் எதுக்குன்னு நினைச்சிருப்பார்.

போறப்போ அம்மாகிட்ட, "சின்னவளை இனி நான் பார்த்துக்கிறேன். அக்கா இடத்துல அவ இறங்கட்டும்"னார். அம்மா ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டா. தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து முக்கி முக்கி அவ விரல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடக்கு, இன்னைக்குத்தான் கவனிச்சேன்.

ஜூலை 2

வீட்டுக்கு வந்தாச்சு. கஞ்சி. எண்ணெய் கூடாது, கறி கூடாது, முட்டையில மஞ்சள் கூடாது, தண்ணிக் குடம் தூக்கக் கூடாது. ஓடக் கூடாதுன்னு தனியா வேற சொன்னாங்க.

தங்கச்சி கனி ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டுல வச்சிக்கிட்டுப் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. பிளஸ் டூ படிக்கிறா. சின்ன உடம்பு, ஆனா காலு வேகம். "அக்கா, பலகை போட்டா ரொம்ப வலிக்குமா?"ன்னு கேட்டா.

சிரிச்சேன். சிரிச்சதுக்கு வயிறு சுண்டி இழுத்துச்சு. எங்க டீம்ல பலகை போடாத பிள்ளை பிள்ளையே இல்லை. ப்ராக்டிஸ் முடிஞ்சதும் மண்ணுல மல்லாக்கப் படுக்கணும். வயித்தை இறுக்கிப் பலகை மாதிரி ஆக்கிரணும். கபடி கபடின்னு விடாம பாடணும். மாஸ்டர் குதிகாலை வயித்துல வச்சு ஏறி நிப்பார். பாட்டு அறுந்தா முதல்ல இருந்து. மேட்ச் அன்னைக்குக் காலையில மட்டும் கொஞ்சம் குதிப்பார். அப்பத்தான் எவ முட்டிக்கும் அசையாத வயிறு வரும்னு சொல்லுவார். வேற ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இது கிடையாது. அதான் அவளுக அடிபட்டா அழுறாளுக. நாங்க அழ மாட்டோம். யாருக்குப் பாட்டு அறுகாம நிக்குதுன்னு எங்களுக்குள்ள போட்டியே நடக்கும், நான்தான் ஜெயிப்பேன்.

"வலிக்காதுட்டி, பழகிரும்"னு சொன்னேன்.

ஜூலை 20

இன்னைக்கும் கஞ்சி. இன்னைக்கும் பிரின்சி சாகலை.

ஆகஸ்ட் 8

வலி வந்தா எப்படி இருக்கும்னு டாக்டர் எழுதச் சொன்னாங்க. மேல் வயித்துல குத்தி முதுகு வழியா வெளிய வருது. மல்லாக்கப் படுத்தா உயிர் போகும். தலையணையை வயித்தோட கட்டிப் பிடிச்சு முன்னால குனிஞ்சு உட்கார்ந்தாதான் கொஞ்சம் அடங்கும். கணையம் கெட்டவங்க எல்லாரும் அப்படித்தான் உட்காருவாங்களாம், வார்டுக்குள்ள நுழையும்போதே அதை வச்சுக் கண்டுபிடிச்சிருவேன்னு சொன்னாங்க. நானும் அப்படியே உட்கார்ந்துதான் சுவத்தைக் குத்திட்டு இருக்கேன். வீட்டுச் சுவத்துல சுண்ணாம்பு பேர்ந்திருச்சு. அம்மா அதைக் கூட்டி அள்ளினா.

செப்டம்பர் 10

ரெண்டாவது தடவை. இந்த முறை பெல்ட்டு வச்சுக் கட்டினாங்க. கட்டினது இன்னும் மோசம். வாயில இருந்த வளையத்தையே கடிச்சு உடைச்சிட்டேன், டாக்டர் விரலுக்கு ஒரு கடுகளவு இடைவெளிதான். பாதியில நிறுத்தி, முழு மயக்கத்துக்கு ஊசி போட்டுத்தான் முடிச்சாங்க.

அதுக்கப்புறம் வந்த வலி இருக்கே! குழாயை மாத்தினதுல கணையம் கோபப்பட்டு வீங்கிருச்சாம். சிலருக்கு அப்படி ஆகுமாம். அதுக்குக் கோபம் வருதாம். எனக்கு வராதா? ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிஞ்சேன். தலையணை, தட்டு, ஒரு ஸ்டீல் டம்ளர், எல்லாம் எதிர்ச் சுவத்துக்குப் போச்சு. நர்ஸம்மா ஓடிவந்து, "ஏம்மா, டம்ளர் என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு கேட்டுட்டு ஊசியைப் போட்டாங்க. அந்தம்மா இல்லைன்னா நான் ஜன்னல் கம்பியையும் வளைச்சிருப்பேன்.

செப்டம்பர் 12

அவ வந்தா.

கதவுப்பக்கம் நிக்கும்போதே யாருன்னு தெரிஞ்சு போச்சு. கையில ஒரு பை, அம்மாக்காரி கூட. பிரின்சி. நான் கட்டில்ல இருந்து எப்படி இறங்கினேன்னு எனக்கே தெரியலை. ட்ரிப்ஸ் மாட்டுற கம்பி இருக்குல்ல, அதை அடியோட தூக்கிட்டு, பாட்டிலும் குழாயும் ஆட ஆட, நேரா அவ முட்டிக்கு வீசினேன். அவ கபடிக்காரி, குதிச்சுத் தப்பிச்சிட்டா. கம்பி கட்டில்ல பட்டு அந்த வார்டே எந்திரிச்சு உட்கார்ந்தது. ரெண்டாவது வீச்சுக்குள்ள அவளே என் இடுப்பைப் பிடிச்சுக் கீழ உட்கார வச்சா. பூனைக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சா, வயித்துல அவ கை படவே இல்லை.

"மாகாளி, அடிக்கணும்னா அடிச்சுக்கோ. ஆனா கேளு. நான் உன்னைத் தொடுறதுக்கு முன்னாடியே உனக்குப் பாட்டு அறுந்துருச்சு. நீ கோட்டைத் தாண்டி வரும்போதே குனிஞ்சுதான் வந்த. வயித்துல கையை வச்சிருந்த. நான் பிடிக்க வரலை, விழுறியேன்னு தாங்கத்தான் வந்தேன்."

பொய்க்காரி. எனக்காவது, பாட்டு அறுறதாவது!

"மாதாகிட்ட வேண்டிக்கிட்டு இருக்கேன்"னு சொல்லி அவ அம்மா பையை வச்சுட்டுப் போச்சு. உள்ள கருப்பட்டியும் ஒரு சின்ன மாதா சுரூபமும். கருப்பட்டியைப் பக்கத்துக் கட்டில் பாப்பாவுக்குக் கொடுத்தேன். சுரூபத்தை எறிய மனசு வரலை, ஜன்னல்ல இருக்கு.

செப்டம்பர் 14

மாஸ்டர் வந்தார், வாசிச்சார். பிரின்சி பேசினதை எல்லாம் அடிச்சிட்டார். பேப்பர் கிழியிற அளவுக்கு அடிச்சிருக்கார், ஆனாலும் வாசிக்க முடியுது. "எதிரி சொல்றதை எழுதி வச்சிருக்கியே, உனக்கு வெக்கமா இல்லை?"ன்னு கேட்டார். கேட்டுட்டு என் கன்னத்தைப் பிடிச்சுத் திருகினார். பாசமாத்தான். அதுல நகம் பட்டுக் கொஞ்சம் ரத்தம் வந்துச்சு, அவ்வளவுதான்.

நவம்பர் 18

பத்து நாளா அரிப்பு. கண்ணு மஞ்சள், நகம் மஞ்சள், ஒண்ணுக்கு டீ டிக்காஷன் மாதிரி போகுது. தெருவுல எல்லாரும் மஞ்சக்காமாலைன்னு சொல்லி, அம்மா கீழாநெல்லியை அரைச்சு மோருல கலக்கிக் குடிக்க வச்சா. நானும் குடிச்சேன், குறையலை. முதுகைச் சுவத்துல தேய்ச்சுத் தேய்ச்சு தோல் உரிஞ்சு போச்சு. கனி முதுகுல சீப்பை வச்சுச் சொறிஞ்சு விட்டா, நான் இன்னும் இன்னும்னு கத்தினேன், அவ அழுதுக்கிட்டே சொறிஞ்சா.

மதுரைக்குப் போனா, டாக்டர் எங்க அம்மாவைப் பார்த்து, "இத்தனை நாள் எங்கம்மா இருந்தீங்க?"ன்னு வைஞ்சாங்க. கணையம் வீங்கிப் பக்கத்துல போற பித்தக்குழாயையும் நெரிச்சிருச்சாம். பித்தம் இறங்க வழியில்லாம ரத்தத்துல ஏறுதாம். இப்ப அதுக்கும் ஒரு குழாய். ரெண்டு ஸ்டென்ட்டு. மூணாவது தடவையா என் வாய்க்குள்ள பாம்பு போச்சு. நல்லவேளை, இந்தத் தடவை முழு மயக்கம். இருந்தும் மயக்கம் தெளியும்போது ஒருத்தர் கையை முறுக்கிட்டேனாம்.

"நீ போலீஸுக்குப் போனா ஊர்ல திருடனே இருக்க மாட்டான்"னு அந்த ஆளே சொன்னார். நல்ல மனுசன்.

டாக்டர் மறுபடியும் கேட்டாங்க. "நின்னிருந்தியா, படுத்திருந்தியா?"

"மேட்ச்ல, டாக்டர். ஒரு பிள்ளை முட்டியால இடிச்சிட்டா." ஒரே வரி. மாஸ்டர் சொன்னபடி.

டாக்டர் பேனாவை மூடிட்டு என்னையே பார்த்தாங்க. அம்மா தரையைப் பார்த்தா. கனி மட்டும் என் வாயைப் பார்த்துட்டு நின்னா.

டிசம்பர் 5

கனிக்கு டீம் ஜெர்சி வந்திருக்கு! என் நம்பர், ஏழு. போட்டுக் காட்டினா. தொளதொளன்னு இருக்கு, அம்மா ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சுக் கொடுத்தா.

நாளையில இருந்து அவளும் பலகை போடணும். பயப்படுறா. அவளைத் தரையில படுக்க வச்சு மூச்சு எப்படிப் பிடிக்கணும், எந்த இடத்துல வயித்தை இறுக்கணும்னு சொல்லிக் கொடுத்தேன். என் கையை வச்சு அமுக்கிப் பார்த்தேன். கெட்டியாத்தான் இருக்கு. "பாட்டை மட்டும் விட்றாத. எது நடந்தாலும் விட்றாத"ன்னு சொன்னேன். தலையை ஆட்டினா.

டிசம்பர் 27

வீட்டு வேலை எல்லாம் நானே. அரிசி களைஞ்சேன், துணி காயப் போட்டேன், பொங்கலுக்கு வெள்ளை அடிக்க சுண்ணாம்பு ஊற வச்சேன். நான் குத்தின சுவரு முதல்ல. கனி ப்ராக்டிஸ்ல இருந்து வந்து குளிக்காமப் படுத்துட்டா. சோம்பேறின்னு வைஞ்சேன்.

ஜனவரி 16

பொங்கல் டோர்னமெண்ட். கனி பத்துப் பாயிண்ட்! ஊரே பேசுது. எனக்குப் பொறாமையா இருந்துச்சு, அதையும் எழுதிர்றேன். ஆனா பெருமையும்தான்.

ராத்திரிக்கு அம்மா அவளுக்காகக் கோழி அடிச்சா. அவ ஒரு வாய் வச்சுட்டுப் பின்னால போயி வாந்தி எடுத்தா. "வயிறு சரியில்லக்கா, வெளிய தின்னது சேரலை"ன்னா.

ஜனவரி 19

சாயங்காலம் மிச்சம் கிடந்த சுண்ணாம்பு வாளியைத் தூக்கிட்டு உள்ள வந்தேன். கனி மூலையில உட்கார்ந்திருக்கா. தலையணையை வயித்தோட கட்டிப் பிடிச்சிருக்கா. முன்னால குனிஞ்சிருக்கா. முட்டி ரெண்டும் நெஞ்சுக்கிட்ட இருக்கு. நெத்தியில முத்து முத்தா வேர்வை.

வாளி கை நழுவி விழுந்துச்சு. சுண்ணாம்பெல்லாம் காலு மேல. அது நான். அங்க உட்கார்ந்திருந்தது நான்.

"எத்தனை நாளா?"

"பலகை போட்டதுல இருந்துதான்க்கா. பழகிரும்னு நீதான சொன்ன."

"பாட்டு அறுந்துச்சா?"

"இல்லக்கா. நான் விடவே இல்லை." அதைச் சொல்லும்போது அவ மூஞ்சியில ஒரு பெருமை. எனக்குத் தெரியும் அந்தப் பெருமை. என்னோடதுதான் அது.

அம்மாகிட்ட சொன்னேன். அம்மா தெருக்கதவைச் சாத்திட்டு வந்தா. அப்புறம், "ஏட்டி, உன் வேலை அவர் கையில இருக்குட்டி"ன்னா. நான் கையில கிடைச்ச சொம்பைச் சுவத்துல எறிஞ்சேன். புதுசா அடிச்ச வெள்ளையில பள்ளம் விழுந்துச்சு. மதுரைக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கணும்னு சொல்லிட்டுப் படுத்தேன்.

ஜனவரி 20

விடிஞ்சு பார்த்தா கனி பாய்ல இல்லை. மதியம் மேட்ச்சு, மாஸ்டர் கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா அவளால? மேட்ச் அன்னைக்குக் காலை. அன்னைக்குத்தான் குதிப்பார்.

ஓடக் கூடாதுன்னாங்கள்ல. ஓடினேன். ஏழு மாசத்துக்கப்புறம் ஓடினேன். உள்ள ரெண்டு குழாயும் குத்துச்சு.

மைதானத்துல பிள்ளைக வரிசையா நிக்காளுக. கனி மண்ணுல மல்லாக்கக் கிடக்கா. மூஞ்சி வெளுத்துப் போயி, உதடு மட்டும் கபடி கபடின்னு அசையுது. மாஸ்டர் ஒத்தக் காலைத் தூக்கியாச்சு. "பாடு, அக்கா மாதிரி பாடு"ங்கிறார்.

நான் சத்தம் போடலை. பின்னால இருந்து பாய்ஞ்சு, தரையில நிக்கிற காலு இருக்குல்ல, அந்தக் கணுக்காலைப் பிடிச்சேன். வாழ்நாள் பூரா நான் பாடிப் போனவ, பிடிச்சவ இல்லை. ஆனா அந்தப் பிடி மாதிரி ஒரு பிடி எவளும் பிடிச்சிருக்க மாட்டா. ஆள் தொம்முன்னு கனிக்கு அந்தப் பக்கம் விழுந்தார். "பிடிங்கட்டி!"ன்னு கத்தினேன்.

இதுதான் மாஸ்டர் பண்ணின பெரிய தப்பு. ஒருத்தி கணுக்காலைப் பிடிச்சுக் குரல் கொடுத்தா மத்தவ யோசிக்கக் கூடாது, விழணும்னு அவர்தான எங்களுக்கு அடிச்சு அடிச்சுப் பழக்கி இருக்கார். ஆறு பிள்ளைகளும் யோசிக்கலை. மொத்தமா அவர் மேல விழுந்தாளுக. ஒருத்தி இடுப்பு, ஒருத்தி தொடை, ஒருத்தி கழுத்து. அவர் உதறினார், கடிச்சார், சொல்லக் கூடாததெல்லாம் சொன்னார். ஒருத்தியும் விடலை. யாரு மேல கிடக்கோம்னு தெரிஞ்சப்புறமும் விடலை. அதுல தவமணி அழுதுக்கிட்டே அவர் கையை முதுகுக்குப் பின்னால முறுக்கினா.

மல்லாக்கத் திருப்பினோம். நான் எந்திரிச்சு நின்னு குதிகாலை அவர் வயித்துல வச்சேன். "பாடுங்க, மாஸ்டர்."

பலகையும் இல்லை ஒண்ணும் இல்லை. பிசைஞ்ச மாவு. கொஞ்சம் பாரத்தை இறக்கினேன். ஒரு கபடி வந்துச்சு. இன்னொரு கபடி பாதியில நின்னு போச்சு, அம்மான்னு கத்தினார். மூக்குல ரத்தம், வாயெல்லாம் மண்ணு.

தவமணி கண்ணைத் துடைச்சுட்டுச் சொன்னா: "பாட்டு அறுந்திருச்சுக்கா. முதல்ல இருந்து."

குதிச்சிருப்பேன். சாமி சத்தியமா குதிச்சிருப்பேன், காலு தூக்கியாச்சு. அப்பத்தான் பின்னால கனி வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தேன். மண்டி போட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, பச்சை பச்சையா எடுக்கா. அந்த ஆளை அப்படியே விட்டுட்டு அவளைத் தூக்கினேன். தண்ணிக் குடமே தூக்கக் கூடாதாம் நான்.

பஸ்ல உட்கார்ந்து எழுதுறேன். கனி என் மடியில சுருண்டு கிடக்கா. தவமணி கூட வாரா. இதுல இனி சிவப்பு இங்க் விழாது, அதனால எழுதுறேன். ஜூன் ஏழாம் தேதி காலையில என் மேல மூணு தடவை குதிச்சார். ரெண்டாவது தடவையே உள்ள ஏதோ அறுந்துச்சு. எனக்குத் தெரியும். அப்பவும் பாடினேன். மூணாவது தடவை முடிஞ்சு எந்திரிச்சு வாந்தி எடுத்துட்டு, கைதட்டு வாங்கிட்டு, மேட்ச்சுக்குப் போனேன். பிரின்சி என்னைத் தாங்கத்தான் வந்தா.

ஜனவரி 21

கனிக்கு ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் பார்த்தாங்க. கணையம் வீங்கியிருக்கு, கன்றிப் போயிருக்கு, ஆனா கிழியலை. இன்னும் ஒரு தடவை பட்டிருந்தா கிழிஞ்சிருக்கும்னாங்க. எனக்கு ஒரு குழாய் நகர்ந்திருச்சு, நாளைக்கு மறுபடி உள்ள போகணும். போகட்டும்.

அம்மா மத்தியானம் வந்து சேர்ந்தா. வந்ததுல இருந்து கனி காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. வேலையைப் பத்தி அப்புறம் ஒரு வார்த்தை பேசலை.

டாக்டர் ஷாகிரா கனி கட்டில்கிட்ட வந்து குனிஞ்சாங்க. மெதுவாக் கேட்டாங்க.

"எப்படிம்மா அடிபட்டுச்சு?"

கனி என்னைப் பார்க்கலை. ஒரு மூச்சு இழுத்தா, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே வயித்தை இறுக்கிக்கிட்டு.

"மேட்ச்ல, டாக்டர். ஒரு பிள்ளை முட்டியால இடிச்சிட்டா."

என் வார்த்தை. ஒரு எழுத்து மாறலை. என் கை அவளை அறைய மேல போச்சு, போன வேகத்துலயே நின்னு போச்சு. அவளை அடிச்சு என்ன செய்ய? நவம்பர்ல என் வாயைப் பார்த்துட்டு நின்னாளே, அப்பப் படிச்சது இது. மிதிச்சது அந்த ஆளு. மிதி வாங்கிட்டு வாயை மூடிக்கிறதை அவளுக்குக் கத்துக் கொடுத்தது நான்.

அவ கையைப் பிடிச்சேன். தவமணி கதவுகிட்ட வயித்துல கையை வச்சுக்கிட்டு நிக்கா, இப்பத்தான் பார்க்கேன்.

"நீங்க ரெண்டு தடவை கேட்டீங்கள்ல டாக்டர், நின்னிருந்தியா படுத்திருந்தியான்னு"ன்னு ஆரம்பிச்சேன். குரல் உடைஞ்சது, நிறுத்தலை. "படுத்திருந்தோம். ரெண்டு பேரும் படுத்துத்தான் இருந்தோம். எங்க மாஸ்டர் எங்க மேல ஏறிக் குதிச்சார். அந்தா நிக்கிறாளே, அவ மேலயும். ஊர்ல இன்னும் அஞ்சு பிள்ளைக இருக்காளுக."

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. "முதல்ல இருந்து சொல்லு"ன்னாங்க.